2.5 கிலோ ஏற்ற வழியில்லாத ஜிம்

தருமபுரியில் நான் சந்தா கட்டிப் போகும் ஜிம்மில் சுவரெல்லாம் கண்ணாடி, கூரையில் நிறம் மாறும் விளக்கு, பக்கத்துத் தெருவரை அதிரும் ஸ்பீக்கர், வாசலில் '90 நாளில் சிக்ஸ் பேக்' என்று ஆளுயர பிளெக்ஸ் எல்லாம் இருக்கின்றன; எடை கூட்டுவதற்காகப் பாரில், அதாவது தூக்கும் இரும்புக் கம்பியில், மாட்டும் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி மட்டும் இல்லை. இருப்பதிலேயே சிறியது 5 கிலோ.

இதெல்லாம் ஒரு குறையா என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பாரின் இரு பக்கமும் மாட்டியாக வேண்டும் என்பதால் ஒரே தாவலில் 10 கிலோ ஏறுகிறது. 100 கிலோவில் ஸ்குவாட் போடுபவர் எப்படியோ சமாளித்துவிடுவார். 30 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கப் பழகியவர் அடுத்து 40 கிலோவை எப்படித் தூக்குவார்? வெறும் பாரே 20 கிலோ இருக்க, அதிலேயே திணறும் புதியவர்களின் கதியை யார் யோசித்தார்கள்? தொடக்க வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, நரம்புகள் தசையை வேலை வாங்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி திரள மாதங்கள் ஆகும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் உறுதிப்படுவதோ அதைவிட மெதுவாகத்தான். அந்த வேகத்துக்கு ஏற்ப 2.5 கிலோவாக ஏற்றிக்கொண்டு போக விடாமல் தாவச் சொன்னால், தோள்பட்டை பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

உரிமையாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருண்ணா மாட்டுறாங்க? ஒரு டப்பா பவுடர் வாங்கிக்கங்க, தானா ஏறிடும்" என்றார். அந்தப் புரதப் பவுடர் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது என்பதைக் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லாமல், ஆயிரக்கணக்கில் கறப்பது அநியாயம் இல்லையா?

பயிற்சியாளரோ தசையைக் குழப்ப வேண்டுமாம் என்று தினம் ஒரு பயிற்சியை மாற்றுகிறார். குழம்புவது பையன்கள்தான், போன வாரம் எத்தனை கிலோ தூக்கினோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. தை மாதம் இடம் கிடைக்காமல் நின்ற கூட்டம் பங்குனிக்குள் கரைந்துவிடுகிறது, வருடச் சந்தாவை மட்டும் முன்பே வாங்கிப் போட்டாயிற்று.

இப்போது என் காசில் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன். வெளியே வரும்போது ஜிம் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறேனோ என்று பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள், தங்களிடம் அப்படி ஒரு பிளேட்டே கிடையாது என்பதையும் மறந்து.