செருப்பு போட்டவன் ஆர்கன் கேக்கக் கூடாதா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோலாலம்பூர் டவுன் பக்கம் ஒரு சர்ச்ல ஆர்கன் கச்சேரி, அதான் குழா குழாவா வெச்சு காத்துல பேசுற பெரிய வாத்தியம், ஃப்ரீதான், யார் வேணும்னாலும் வரலாம்னு போட்டிருந்தாங்க. நானும் என் மாமனாரும் பக்கத்து வீட்டு அக்காவும் அவங்க பொண்ணும் வேன்ல போனோம். உள்ள போய் உக்காந்து சும்மா எண்ணிப் பாத்தேன், வாசிக்கிறவர், பேப்பர் திருப்புறவர் எல்லாம் சேத்து முப்பத்தியொரு பேரு. அதுல தமிழாளுங்க ஆறு. அந்த ஆறுல நாலு பேரு என் வேன்ல வந்தவங்க.

நான் ஒண்ணும் சும்மா இருக்கல. ஒரு வாரத்துக்கு முன்னாடியே எங்க தாமான் (குடியிருப்பு) வாட்சப் குரூப்ல போஸ்டர் போட்டு, வேன்ல எடம் இருக்கு வாங்கன்னு சொன்னேன். நூத்தம்பது பேரு இருக்கிற குரூப். வந்த பதிலு மூணு. "அண்ணா இது கிறிஸ்டியன் ப்ரேயரா?" "கோட்டு சூட்டு போடணுமா?" "டிக்கெட்டு எத்தன வெள்ளி?" ஃப்ரீன்னு போஸ்டர்லயே பெருசா போட்டிருக்கு, இருந்தாலும் கேக்குறாங்க, ஏன்னா இந்த மாதிரி எடத்துல நமக்கு ஃப்ரீயா கெடைக்கும்னு நம்பிக்கையே வரல. கவனிச்சுப் பாருங்க, ஒருத்தராவது என்ன பாட்டு வாசிக்கப் போறாங்கன்னு கேக்கல. பாட்டப் பத்தி யாருக்கும் பயமில்ல. வாசப்படியப் பாத்துதான் பயம்.

அந்தப் பயமும் சும்மா வந்ததில்ல, எனக்கே நடந்திருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய ஹால், பேரு வேணாம், வேல முடிச்சு நேரா போனேன், கால் வெரல்ல நகச்சுத்தி வந்து வீங்கிப் போயிருந்ததால செருப்புதான் போட்டிருந்தேன். வாசல்ல நின்ன பையன் என் மொகத்தப் பாக்கல, காலப் பாத்தான். ரொம்ப மரியாதையாத்தான் "சாரி அங்கிள்"னான். பக்கத்துக் கடையில போய் நாப்பது வெள்ளிக்கு ஒரு ஷூ வாங்கி, வலிக்கிற கால அதுல திணிச்சுக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள பாதிக் கச்சேரி முடிஞ்சிருச்சு. அந்த ஷூ இன்னும் வீட்லதான் கெடக்கு, அதுக்கப்பறம் ஒரு தடவகூட போடல. கோயிலுக்குப் போனா செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலோட போறோம், இங்க வெறுங்கால் தெரிஞ்சா உள்ள விட மாட்டாங்க. சரி, அவங்க ரூல்ஸ் அவங்களுக்கு. ஆனா அதே ரூல்ஸ எல்லா எடத்துக்கும் நம்மளே மனசுல போட்டுக்கிட்டு வீட்லயே உக்காந்துட்டோம் பாருங்க, அதத்தான் சொல்ல வந்தேன்.

எங்கப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்ஷாப்ல வேல செஞ்சவரு. சாயந்தரம் ஆனா பஜனைல பெட்டி வாசிப்பாரு. ஆர்மோனியம்னு அவரு சொல்லிக் கேட்டதே இல்ல, பெட்டிதான். நான் பக்கத்துல உக்காந்து துருத்தி அமுக்குவேன், அவரு ரெண்டு கையாலயும் வாசிப்பாரு, நான் தூங்கி விழுந்தா சத்தம் செத்துப் போயிரும், தலையில ஒரு குட்டு விழும். அந்தப் பெட்டி எங்கேருந்து வந்துச்சு? பாரிஸ்ல அலெக்சாந்தர் டெபேன்னு ஒருத்தரு 1840கள்ல பேட்டண்ட் வாங்குன சாமான் அது, நாற்காலியில உக்காந்து கால்ல மிதிச்சு வாசிக்கிறது. கல்கத்தாவுல துவாரகாநாத் கோஷ்தான் தரையில சம்மணம் போட்டு உக்காந்து ஒரு கையால துருத்தி போடுற மாதிரி அத மாத்துனாரு. அப்பறம் அது நம்ம ஊரு நாடகக் கொட்டாயி, பஜனை மடம்னு எல்லா எடத்துக்கும் போயி, கப்பலேறி இங்கயும் வந்துருச்சு. நடுவுல ஆல் இந்தியா ரேடியோக்காரங்க 1940லேருந்து 1971 வரைக்கும் ஆர்மோனியத்த ரேடியோவுலயே சேக்கல, இது வெளிநாட்டு சாமான், கமகம், அதாவது சுரத்த அசைச்சு வழுக்குறது, பேசாதுன்னு. கமகம் பேசாதுங்கறது உண்மதான். அதுக்காக எங்கப்பா பெட்டியத் தூக்கிப் போட்டாரா என்ன?

ஆர்கன் யாருன்னா அந்தப் பெட்டிக்கு பெரியண்ணன். அதுலயும் காத்து, இதுலயும் காத்து, ரெண்டுலயும் கட்ட. வித்தியாசம் எங்கன்னா பெட்டிக்குள்ள சின்னச் சின்ன பித்தள நாக்கு துடிக்கும், ஆர்கன்ல காத்து குழாய்க்குள்ள போகும். குழாய்லயும் ரெண்டு சாதி. ஒண்ணு புல்லாங்குழல் மாதிரி, வாய்ல காத்து பட்டு பேசுறது. இன்னொண்ணு நாக்கு வெச்சது, நம்ம நாயனத்துக்கு சீவாளி இருக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க, அப்படியே அதே இல்ல, ஆனா சத்தத்துல அந்தக் காரம் இருக்கும். பென்சில் சைஸ்லேருந்து ஆளு ஒசரத்தவிட பல மடங்கு பெருசு வரைக்கும் குழா இருக்கும், நீளம் கூடக் கூட சத்தம் கீழ எறங்கும். பெரிய ஆர்கன்கள்ல 32 அடிக் குழாகூட உண்டு, அதோட சத்தம் காதுல கேக்கறதவிட உக்காந்திருக்கிற பெஞ்சுல தெரியும். எந்தக் குழாக் கூட்டம் பேசணும்னு முடிவு பண்ண பக்கத்துல குமிழ் குமிழா இழுக்கிற பிடி இருக்கும், அதுக்குப் பேரு ஸ்டாப். கால்லயும் வாசிக்கணும், காலுக்குன்னு தனிக் கட்டை. துருத்திக்கு இப்ப மோட்டார் வந்துருச்சு, முன்ன எல்லாம் எவனாவது ஒரு பையன் பின்னாடி நின்னு மிதிச்சுக்கிட்டே இருக்கணும். அவனும் தூங்கிப் போயி குட்டு வாங்கியிருப்பான், நிச்சயம்.

இதெல்லாம் எங்க இருக்கு, லண்டன்லயான்னு கேட்டா, இல்ல. மஸ்ஜித் ஜமேக் எல்ஆர்டில எறங்கி டத்தாரான் மெர்டேக்கா பக்கம் நடந்து போறோமே, அங்க ஓரமா இருக்கிற செயிண்ட் மேரீஸ் கதீட்ரல்ல 1895ல ஹென்றி வில்லிஸ் செஞ்ச ஆர்கன் இருக்கு. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கும் செயிண்ட் பால்ஸ் கதீட்ரலுக்கும் ஆர்கன் செஞ்சு குடுத்த அதே வில்லிஸ்தான். மெர்டேக்கா பரேட் பாக்க எத்தன தடவ அந்தப் பக்கம் போயிருப்போம், ஐஸ் கச்சாங் எங்க விக்கிதுன்னு தேடுனோமே தவிர இது தெரியாது. ட்வின் டவர்ல இருக்கிற டேவான் ஃபில்ஹார்மோனிக்ல இன்னொண்ணு, ஜெர்மனி போன் ஊரு கிளாய்ஸ் கம்பெனி செஞ்சது, கிட்டத்தட்ட 3,000 குழா, ஹால் தெறந்தது 1998ல. சூரியா மால்ல ஏசிக்குப் போயி சுத்திட்டு வர்றோமே, அதே கட்டடந்தான்.

"இது மேட்டுக்குடி சங்கீதம்"னு ஒரு நண்பர் சொன்னாரு. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. ஐரோப்பாவுலயே இது ஊர்ப் பொது சொத்தா இருந்திருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல 1600 வாக்குல ஸ்வேலிங்க்னு ஒரு ஆர்கன் வித்வான், அந்த ஊரு சர்ச்சுல பூசை நேரத்துல ஆர்கன் கூடாதுன்னு புது மதக்காரங்க சொல்லிட்டாங்க, ஆனா ஆர்கன் நகராட்சியோடது, அதனால அவருக்கு நகராட்சியே சம்பளம் குடுத்து, பூசைக்கு வெளிய, ஊரு சனம் வந்து கேக்கட்டும்னு தெனமும் வாசிக்க வெச்சுது. அதாவது நம்ம கணக்குல டிபிகேஎல், கோலாலம்பூர் மாநகராட்சி, சம்பளம் குடுத்து கச்சேரி வெக்கிற மாதிரி! ஜெர்மனியில லூபெக் துறைமுகத்துல புக்ஸ்டஹூடன்னு இன்னொரு ஆர்கன் வித்வான், அவரு கிறிஸ்மஸ்க்கு முன்னாடி ஞாயித்துக்கிழம சாயந்தரங்கள்ல பெரிய கச்சேரி வெப்பாரு, செலவ ஊரு வியாபாரிங்க ஏத்துப்பாங்க, சனங்களுக்கு இலவசம். அவரு வாசிக்கிறதக் கேக்க 1705ல ஒரு இருவது வயசுப் பையன் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் நடந்தே போனான், நாலு வாரம்னு லீவு போட்டுட்டு மாசக் கணக்குல அங்கயே இருந்துட்டு வந்து வேல குடுத்தவங்ககிட்ட திட்டு வாங்குனான். அந்தப் பையன்தான் பின்னாடி ஆர்கன் பாட்டுக்கே பெரிய மேதையான பாக். நம்மாளுங்க தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச் எஸ் லீ மாரியம்மன் கோயில்லேருந்து பத்துமலைக்கு ரதத்தோட நடக்கறாங்களே, அந்தப் பைத்தியந்தான் இதுவும். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

அப்ப நம்ம வியாபாரிங்க? தீபாவளி நைட்டுக்கு, சினிமா ஸ்டாருக்கு ஸ்பான்சர் பண்றாங்க, தப்பில்ல. ஒரு மத்தியான ஆர்கன் கச்சேரிக்கு டீயும் கறிபாப்பும் ஸ்பான்சர் பண்ண எவ்ளோ ஆகிரப் போகுது. ஒரு ஃப்ளக்ஸ் பேனர் காசு.

சரி, அந்தக் கச்சேரிக்கு வரேன். மாமனாருக்கு எழுவத்தெட்டு வயசு, தோட்டத்துல வளந்தவரு, சின்ன வயசுல மேளக்காரங்க கூட சுத்துனவரு. மொத ரெண்டு அயிட்டம் அவருக்கு ஓடல, கொட்டாவி விட்டாரு, நானும் ஐயோ தப்புப் பண்ணிட்டமோன்னு நெனச்சேன். மூணாவதா பாஹெல்பெல்னு பழைய ஜெர்மன்காரரு எழுதுன டொக்காட்டா, வெரல் வேகமா ஓடுற பாட்டு, ஒண்ணு. கால்ல ஒரே ஒரு கட்டைய அமுக்கி அப்படியே புடிச்சுக்கிட்டு, மேல ரெண்டு கையும் ஓடுது. கீழ சத்தம் அசையவே இல்ல. மாமனாரு நிமுந்து உக்காந்தாரு. என் காதுல, அவருக்கு காது கொஞ்சம் மந்தம், அதனால காதுலன்னு நெனச்சுக்கிட்டு மொத்த சர்ச்சுக்கும் கேக்குற மாதிரி, "மாப்ள, காலால ஒத்து ஊதுறான்யா"ன்னாரு. முன்னாடி உக்காந்திருந்த சீன அம்மா திரும்பிப் பாத்தாங்க. நான் என்னத்த சொல்ல. ஒத்துன்னா நாயனத்துக்குப் பக்கத்துல ஒரே சுருதிய விடாம ஊதுற குழல், அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. எந்த புக்கும் படிக்காம, எந்த கிளாசும் போகாம கண்டு புடிச்சுட்டாரு. சுருதியப் புடிச்சு வெச்சுட்டு மேல வெளையாடுறது அவரு வாழ்நாள் பூரா கேட்டது.

அதனாலதான் சொல்றேன், கச்சேரி வெக்கிறவங்க மொதல்ல ரெண்டு வார்த்த தமிழ்ல, மலாய்ல பேசுங்க. பெரிய லெக்சர் வேணாம், "இப்ப கால்ல சுருதி நிக்கும், கவனிங்க"ன்னு ஒரு வரி போதும். ஆர்கன்ல பெரிய கொடுமை என்னன்னா வாசிக்கிறவரு எங்கயோ மேல, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, கீழ இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சத்தம் மட்டும் கூரையிலேருந்து விழும். ஒரு ஃபோன ஸ்டாண்டுல வெச்சு கையையும் காலையும் ஸ்க்ரீன்ல காட்டுனா போதும், கூட்டம் தூங்காது. அன்னிக்கு கச்சேரி முடிஞ்சப்பறம் வாசிச்சவரு மேல வந்து பாருங்கன்னு கூப்ட்டாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒரு ஸ்டாப்ப இழுத்து கட்டைய அமுக்குனா, அந்த ட்ரம்பெட் சத்தம் வந்ததும் பயந்து கைய எடுத்துட்டு அப்பறம் விடவே இல்ல, வேன் எடுக்கவே அரைமணி நேரம் லேட்டு. அந்தப் பொண்ணு வீட்டுல கீபோர்டு இருக்கு. நம்ம தலமுறையில எத்தன பேரு யமஹா எலக்டோன் கிளாசுக்கு மாசாமாசம் காசு கட்டிப் போனோம், அது என்ன வாத்தியத்தோட நகல்னு ஒருத்தராவது நமக்குச் சொன்னாங்களா?

நேரமும் முக்கியம். நாப்பது நிமிஷம் போதும். ரெண்டு மணி நேரம் வெச்சா அடுத்த தடவ என் மாமனாரே வர மாட்டாரு.

எனக்கும் சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற ஒரு அக்காவுக்கும் ஒரு விஷயத்துல இன்னும் சண்ட ஓயல. நான் சொல்றேன், கடைசிக்கு முந்துன அயிட்டமா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய சினிமாப் பாட்டு வாசிங்க, சனம் நிமுந்து உக்காரும். அவங்க "இது கல்யாண பேண்டா தம்பி"ன்னு கேக்கறாங்க. லிவர்பூல் செயிண்ட் ஜார்ஜஸ் ஹால்ல டபிள்யூ டி பெஸ்ட்னு நகர ஆர்கனிஸ்ட் 1855லேருந்து நாப்பது வருஷம் கிட்ட இருந்தாரு, அந்த ஊரு சனத்துக்கு ஆர்கெஸ்ட்ராவ நேர்ல கேக்க வாய்ப்பு கம்மி, அதனால ஆர்கெஸ்ட்ரா பாட்டு, ஆப்ரா பாட்டெல்லாம் ஆர்கன்ல மாத்தி வாசிச்சாரு, கூட்டம் வந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, "அவரு பாக்கும் வாசிச்சாரு, அத ஏன் விட்டுட்ட"ன்னாங்க. அதுவும் உண்மதான். இப்ப எங்க ஒப்பந்தம், ஒரு பாட்டு, ஒண்ணே ஒண்ணு. தோடி ராகத்த வாசிங்கன்னு மட்டும் யாரும் சீட்டு எழுதிக் குடுத்துராதீங்க, பெட்டி மாதிரியேதான், இதுவும் வழுக்கிப் போகாது, அசிங்கமாயிரும். தமிழ் கீர்த்தனை நேர் சுரத்துல நிக்கிறதா நாலஞ்சு இருக்கு, அது அழகா வரும்.

இன்னொண்ணு, இத எல்லாம் தள்ளிப் போட முடியாது. இந்த ஊரு வெக்கையும் ஈரமும் மரம், தோலு எதையும் விடாது, கரையானச் சொல்லவே வேணாம். ஏசி போட்டா ஒரு சுருதி, அணைச்சா ஒரு சுருதி, காத்து சூடானா குழா சத்தம் மேல ஏறும், நாக்கு வெச்ச குழா அப்படியே நிக்கும், ரெண்டும் சண்ட போடும். ஃபிலிப்பைன்ஸ்ல லாஸ் பின்யாஸ் ஊருல ஒரு பாதிரியாரு 1824ல மூங்கில்லயே ஆர்கன் செஞ்சு முடிச்சாரு, 902 குழா மூங்கில், பூச்சி அரிக்காம இருக்க மூங்கில மொதல்ல மணல்ல பொதைச்சு வெச்சாராம். பூகம்பம், புயல் எல்லாம் பட்டுச்சு, 1970கள்ல கழட்டி ஜெர்மனிக்கு அனுப்பி நம்ம ட்வின் டவர் ஆர்கன் செஞ்ச அதே கிளாய்ஸ் கம்பெனிகிட்ட ரிப்பேர் பண்ணி கொண்டாந்தாங்க. இப்ப வருஷா வருஷம் அங்க திருவிழா. எங்க ஊரு ஆர்கன்னு அந்த சனம் நெனச்சதாலதான் காசு வந்துச்சு. முப்பத்தியொரு பேரு உக்காந்து கேக்குற சாமானுக்கு ரிப்பேர் காசு யாரு தருவா?

அடுத்ததுக்கு எங்க தாமான் தமிழ்ப்பள்ளி பிள்ளைங்க பத்து பேர கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன், வாத்தியாரம்மாகிட்ட பேசிட்டேன், அவங்க சரின்னுட்டாங்க, பெத்தவங்க ஃபாரம்ல கையெழுத்துப் போட்டாகணும். மொதல்ல பள்ளியில வெச்சு பெட்டியக் கழட்டி காத்து எப்படிப் போகுதுன்னு காட்டிட்டு அப்பறம் ஆர்கன காட்டணும். எங்கப்பா பெட்டி இருக்கு, துருத்தி கிழிஞ்சு கெடக்கு. செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் துருத்தி ஒட்டத் தெரிஞ்சவங்க இன்னும் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பழைய கால் ஆர்மோனியம் யார் வீட்டு ஸ்டோர் ரூம்லயாவது கெடந்தா ஒரு வாரம் எரவல் குடுங்க, வேன்ல வந்து நானே தூக்கிக்கிறேன், பத்திரமா திருப்பித் தந்துருவேன். வேன்ல இன்னும் மூணு சீட்டு காலி. செருப்போட வரலாம்.