சாத்தனூருக்கு ஒரு பஞ்சர் தூரம்

(பெரம்பலூரில் ஒரு சைக்கிள் கடை. ஆடி மாதம்.)

கதிர்: அண்ணே, ரெண்டு சக்கரத்துக்கும் காத்து அடிச்சு விடுங்க. சாத்தனூர் கல்மரம் பாக்கப் போறோம்.

மாணிக்கம்: போட்டோவுல பாத்தியா?

கதிர்: பாக்கல. 12 கோடி வருஷத்து மரமாம்! அது நிழல்ல உக்காந்து புளிசோறு சாப்பிடப் போறோம்.

மாணிக்கம்: அது படுத்திருக்கு தம்பி.

கதிர்: எது?

மாணிக்கம்: மரம். 18 மீட்டர் நீளத்துக்கு. கிளையும் இல்ல, இலையும் இல்ல. நிழல் உன் கணுக்காலுக்கு வேணா காணும்.

கதிர்: தொட்டாவது பாக்கலாம்ல?

மாணிக்கம்: சுத்தி வேலி. வேலியைத் தொடு.

கதிர்: அப்ப என்னதாண்ணே இருக்கு அங்க?

மாணிக்கம்: போர்டு இருக்கு, படி. படிக்காதவன்தான் "ஒரு கட்டைக்கா இவ்ளோ தூரம்"னு திட்டிக்கிட்டு வருவான். அந்த மரம் இருந்த காலத்துல இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்த மண்ணுல மரம் புதைஞ்சு, தண்ணில கரைஞ்ச சிலிக்கா உள்ள ஊறி, இம்மி இம்மியா மரம் போயி கல்லு வந்துச்சு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல எடுத்துச் சொன்னாரு. காரைங்கிற ஊர்ப் பக்கம் போனா சுருண்ட அம்மோனைட்டுகூட கெடக்கும், அந்தக் கடல்ல வாழ்ந்த ஓட்டுப் பிராணி கல்லானது. டிபன் பாக்ஸ்ல போட்டுக்கிட்டு வந்துராத.

கதிர்: இவ்ளோ விஷயம் எப்படிண்ணே தெரியும்?

மாணிக்கம்: அங்க போறவன் எல்லாம் பஞ்சரோடதான் வர்றான். ஒட்டி முடிக்கிற வரைக்கும் பேசுறான்.

கதிர்: என்ன பஞ்சர்?

மாணிக்கம்: சீமைக்கருவேல முள்ளு. ரோட்டை விட்டு எறங்காத. ஏறிருச்சுன்னா டியூபை மட்டும் ஒட்டி மாட்டாத. டயருக்குள்ள துணியால தடவிப் பாரு. வெரல வுட்டா வெரல்லயும் பஞ்சர். ஒடிஞ்ச முனை உள்ளயே நின்னா, மாட்டுன ஒடனே மறுபடி குத்தும்.

கதிர்: ஒட்டத் தெரியும்ணே. சொல்யூஷன் தடவி, பேட்ச் வெச்சு...

மாணிக்கம்: அங்கதான் எல்லாரும் கெடுக்கிறது. உப்புத்தாள்ல தேச்சு, சொல்யூஷனை மெல்லிசா தடவி, அந்த ஈரப் பளபளப்பு போற வரைக்கும் விடணும். அஞ்சு நிமிஷம். ஊதாத, எச்சி ஈரம் படும். ஈரத்தோட வெச்சா வெயில்ல சூடேறி ஓரம் தூக்கிக்கும்.

கதிர்: சரிண்ணே. போகும்போது சும்மா பறக்கலாம்ல?

மாணிக்கம்: போகும்போது பறப்ப. ஆடியில மேக்கேருந்து அடிக்கிற மேகாத்து முதுகைத் தள்ளும். "நம்ம காலுக்கு இவ்ளோ பலமா"ன்னு தோணும். திரும்பும்போது அதே காத்து மூஞ்சில. தண்ணியைப் பாதிக்கு மேல திரும்புறதுக்குன்னு வெச்சுக்க. சீட்டைப் பாரு, எவ்ளோ தாழ இருக்கு! குதிகாலைப் பெடல்ல வெச்சு, பெடல் கீழ வரும்போது கால் நீட்டமா நிக்கணும். இல்லன்னா முட்டி வலிக்கும்.

கதிர்: இவ்ளோ பாடு எதுக்கு? பேசாம பைக்ல போயிடவா?

மாணிக்கம்: பைக்ல போனா கட்டையைப் பாத்துட்டு பத்து நிமிஷத்துல கெளம்பிருவ. சைக்கிள்ல போனா ரெண்டு மணி நேரம் பாப்ப.

கதிர்: அவ்ளோ பிடிச்சிருமா?

மாணிக்கம்: எந்திரிக்க முடியாது.

கதிர்: ...காத்துக்கு எவ்ளோண்ணே?

மாணிக்கம்: வந்து குடு. எப்படியும் தள்ளிக்கிட்டு இங்கதான வருவ.