யூட்டாவில் இடம் கிடைத்தவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் யூட்டா பல்கலைக்கழகம் என்றாலே "அது மார்மன் ஊராச்சே" என்று தயங்குகிறவர்கள் நிறைய. மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர். அது மாநில அரசுப் பல்கலைக்கழகம், எந்த மதத்தையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் 1850இல் அதைத் தொடங்கியவர்கள், மூன்று வருஷம் முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து குடியேறிய மார்மன்கள்தான். அவர்கள் வாழ்க்கைமுறையின் தடம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதை வெறும் தடையாகப் பார்ப்பது தவறு. மரபணு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊரின் பெரிய சொத்தே அதுதான்.

இறந்துபோன முன்னோர் பெயராலும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. அதற்குப் பாட்டன், பூட்டன், ஓட்டன் வரைக்கும் பெயர், ஊர், பிறந்த தேதி வேண்டும். அதனால் வம்சாவளியைத் தேடி எழுதிவைப்பதை அங்கே கடமையாகவே நினைக்கிறார்கள். 1970களில் பல்கலைக்கழகம் இந்த வம்சாவளிகளைக் கணினியில் ஏற்றி, மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டோடும் இறப்புச் சான்றிதழ்களோடும் கோத்தது. இன்று அந்தத் தரவுத்தளத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இதனால் என்ன பயன்? இரண்டே பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மாவுக்கும் ஒரு மகளுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தால், தற்செயலா பரம்பரையா என்று சொல்ல முடியாது. மார்மன்களிடம் இருந்ததுபோல எட்டுப் பிள்ளைகள், நாற்பது பேரப்பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றால், நோய் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படுகிற குரோமோசோம் துண்டு எது என்று ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். சபை புகையையும் மதுவையும் விலக்கியிருப்பதால் அவை உண்டாக்கும் குழப்பமும் குறைவு. பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள, 17ஆம் குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவை 1994இல் அங்கே பிரித்தெடுக்க முடிந்ததில் இந்தப் பெரிய குடும்பங்களின் ரத்த மாதிரிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஒரு குறை இருக்கிறது. இந்த வம்சாவளிகளில் பெரும்பாலானவர்கள் வடக்கு, மேற்கு ஐரோப்பிய வழி வந்தவர்கள். அப்படிப்பட்ட தரவுகளையே நம்பி வளர்ந்த மரபணுப் பரிசோதனையை நம்மூர்ப் பெண்ணுக்குச் செய்தால் "மாற்றம் இருக்கிறது, விளைவு தெரியவில்லை" என்ற முடிவு கூடுதலாக வரும். நம் பிள்ளைகள் அங்கே போய் வேலை செய்ய வேண்டிய இடமே இதுதான் என்பேன்.

இளங்கலைக்குப் போகிறவர்களின் நிலைமை வேறு. மார்மன் பையன்கள் பலர் 18 வயதில் இரண்டு வருஷம் மிஷனுக்கு, அதாவது மதப் பிரசார ஊழியத்துக்கு, போய்விட்டு வருகிறார்கள். பக்கத்து நாற்காலியில் 21 வயதுக்காரர் இருப்பார், சீக்கிரமே கல்யாணமும் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சபையும் குடும்பமும்தான். பழகுவதில் நல்லவர்கள், ஆனால் வார இறுதியில் கூட இருக்க மாட்டார்கள். தனிமை அங்கேதான் தொடங்கும். துறைச் சங்கத்திலோ மலையேற்றக் குழுவிலோ முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். சவுத் ஜோர்டானில் கணேசர் கோயில் இருக்கிறது. ஸ்பானிஷ் ஃபோர்க்கில் உள்ள ராதாகிருஷ்ணர் கோயில் ஹோலிக்கு மார்மன் மாணவர்களே திரளாக வருகிறார்கள். மதுவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளது சாதாரணக் கடைகளில் கிடைக்காது, அரசு மதுக்கடையில்தான் வாங்க வேண்டும், அதற்கு ஞாயிறு விடுமுறை.

அதே மாநிலத்தில் பிரோவோ என்ற ஊரில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சபையே நடத்துவது, டீ, காபிகூடக் கூடாது என்று கையெழுத்து வாங்கும். பக்கத்து ஓரெமில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் பிரோவோவில் வீடு எடுத்தால், பிரிகம் யங் பல்கலைக்கழக விதிகள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா, எதிர்பாலினத்தவர் எத்தனை மணிவரை வீட்டில் இருக்கலாம் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துப் பாருங்கள்.