கும்மாயக் கரண்டியும் தாய்ப்பால் கணக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையில் ஒரு அறுபதாம் கல்யாணம். நாலு மணி இடைப்பலகாரத்துக்கு எல்லாரும் வளவில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி மகளுக்கு ஒன்பது வயது, கொஞ்சம் பூசின உடம்பு. ஏற்கெனவே நாலு வெள்ளைப் பணியாரம் உள்ளே போயாச்சு. அவள் தட்டில் நெய் வழிகிற கும்மாய இனிப்பை இரண்டாவது கரண்டி வைத்துக்கொண்டே அயித்தை என் தங்கச்சியிடம் சொல்கிறார்: "ஏத்தா, நீ ஒழுங்காத் தாய்ப்பால் குடுத்திருந்தா இது இப்படி ஊதியிருக்குமா?"

தங்கச்சி பதில் பேசாமல் கை கழுவ எழுந்து போய்விட்டாள். தட்டில் பாதிப் பணியாரம் அப்படியே கிடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதான் எழுதுகிறேன்.

அவளுக்கு சிசேரியன். பிள்ளை பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில். இவளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல். பூண்டும் பால்சுறாப் புட்டுமாகத் தின்று பார்த்தாள். கடைசியில், "பால் பத்தலை, பிள்ளை அழுகுது, டப்பா பால் வாங்குங்க" என்று முதலில் சொன்னது யார் என்கிறீர்கள்? இதே அயித்தைதான்!

தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் பின்னால் குண்டாவது குறைவு என்று நிறைய ஆய்வுகள் சொல்வது உண்மை. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவில் 22 நாட்டுப் பிள்ளைகளை வைத்து 2019இல் வெளியிட்ட கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அந்த நாடுகளில் அதிக நாள் பால் கொடுப்பது பெரும்பாலும் படிப்பும் வசதியும் உள்ள அம்மாக்கள். அந்த வீட்டுச் சாப்பாடு வேறு, விளையாட்டு வேறு, அப்புறம் பிள்ளை ஒல்லியாக இருப்பது பாலாலா வீட்டாலா என்று எப்படிப் பிரிப்பது?

பிரித்துப் பார்க்க, கிழக்கு ஐரோப்பாவில் இருக்கிற பெலாரஸ் நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 1996, 97இல் 31 ஆஸ்பத்திரிகள், பதினேழாயிரம் குழந்தைகள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதி ஆஸ்பத்திரிகளில் மட்டும் தாய்ப்பால் கொடுக்க நன்றாகச் சொல்லித்தந்து கூடவே நின்றார்கள். மூன்று மாதத்தில் வெறும் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் அங்கே நூற்றுக்கு 43 பேர், இன்னொரு பக்கம் 6 பேர்தான். முதல் வருஷத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, தோல் கரப்பான் குறைந்தது. பதினொன்றரை வயதில் எடை பார்த்தால், சொல்லித்தந்த பக்கத்தில் குண்டுப் பிள்ளைகள் குறையவே இல்லை. (எல்லா அம்மாக்களும் பால் கொடுக்க ஆரம்பித்தவர்கள்தான், அதனால் பாலே குடிக்காத பிள்ளையைப் பற்றி இது நேராகச் சொல்லாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

டப்பா பாலில் விஷயமே இல்லை என்றும் சொல்லவில்லை. தாய்ப்பாலில் புரதம் 100 மில்லிக்குச் சுமார் ஒரு கிராம், டப்பா பாலுக்கு மூலமான பசும்பாலில் அதைப்போல மூன்று மடங்கு. புரதம் கூடுதலாகப் போட்ட பவுடர் குடித்த பிள்ளைகள் ஆறு வயதில் குண்டாக இருந்தது அதிகம் என்று ஐரோப்பாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதோடு புட்டியில் மிச்சம் இருந்தால் நமக்கு மனசு கேட்காது, தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பியாவது உள்ளே தள்ளுவோம். மார்பில் குடிக்கிற பிள்ளை வயிறு நிறைந்தால் தானே வாயை எடுத்துவிடும், எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், முடிந்தால் இரண்டு வயது வரை தொடருங்கள். நோய் நொடி குறையும் என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம், எடையை எதற்கு இழுக்க வேண்டும்?

நான் என் மகனுக்கு இரண்டு வயது வரை கொடுத்தவள். பன்னிரண்டு வயதில் அவனுக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை இடுப்பில் ஏறமாட்டேன் என்கிறது. என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, "அவுக அய்யா வீட்டு உடம்பு" என்று சிரிக்கிறார்கள். தங்கச்சியிடம் மட்டும் கணக்குக் கேட்பார்களாம்.

ராத்திரி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அயித்தையிடம் பெலாரஸ் கதையைப் பொறுமையாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது எங்கிட்டு இருக்கு, ரங்கூனுக்கு அங்கிட்டா?" என்றார்.