விற்றவர்களுக்கே கணக்குத் தெரியாத தங்கக் காசு

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஏப்ரல் 15-ல் விசைப்படகுகள் கட்டிப்போடப்பட்டால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் நகைக்கடன் கவுன்டரில்தான் கூட்டம். சித்தப்பாவுக்கு விசைப்படகில் பங்குக் கூலி. அதனால் இந்தத் தடவை சித்தியும் வங்கிக் கிளைக்கு அடகு வைக்கப் போனார், கூட நானும். கொண்டு போனது நகை இல்லை, தங்கக் காசு. 2 கிராம் காசுகள், அட்டை பிரிக்காமல். அட்டையில் வங்கியின் பெயர், 24 காரட், 999.9 சுத்தம், கீழே ஒரு வரிசை எண். கடலில் முங்கிக் கடற்பாசி எடுத்துச் சேர்த்த பணத்தில் வருஷத்துக்கு ஒன்றாக, அதே கிளையில் வாங்கியவை.

கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பிராஞ்ச்ல வாங்குனதுன்னு என்னம்மா ஆதாரம்?" என்கிறார்.

யோவ், அட்டையில் இருப்பது யார் பெயர்?

வங்கி விற்ற தங்கக் காசின் பேரில் ஓர் ஆளுக்கு 50 கிராம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியே விதி வைத்திருக்கிறது. ஆனால் அது வங்கி விற்ற காசுதான் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கியவராம். சித்தி பத்திரமாக வைத்திருந்த ரசீதுகளை நீட்டினார். "கோல்டு காயின் 2 கி – 1", தொகை, தேதி, ஒரு கிறுக்கல் கையெழுத்து. வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ரொக்கம்". அட்டை எண் எங்குமே இல்லை. எந்த ரசீது எந்தக் காசுக்கு என்று சொல்ல முடியாது, அதனால் கடன் கிடையாது.

சரி, உங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மேனேஜர் புதிதாக வந்தவர், பாவம், தேடச் சொன்னார். ஒரு நீள நோட்டு வந்தது. உப்புக் காற்றில் நோட்டுக் கம்பி துருவேறித் தாளெல்லாம் பழுப்புக் கறை. ஓர் அட்சய திருதியைப் பக்கம் திறந்தது. வந்தது, விற்றது, இருப்பு என்று மூன்றே கட்டம். அன்று விற்ற காசு அத்தனைக்கும் சேர்த்து ஒரே வரி, இதர வரவில் ஒரே மொத்தத் தொகை. யாருக்கு, எந்த எண் என்ற பேச்சே இல்லை. அதற்கடுத்த நோட்டைக் காணோம். 2013 வாக்கில் வங்கிகள் காசு விற்பதற்குக் கட்டுப்பாடு வந்ததும் அந்த வேலையோடு நோட்டையும் கைகழுவிவிட்டார்கள் போல.

"சின்னத் தொகை சார், பான் எண்ணெல்லாம் தேவைப்படாத விற்பனை" என்றார் ஒரு பழைய ஊழியர். உண்மைதான். அப்போது 5 லட்சத்துக்கு மேல் தங்கம் வாங்கினால்தான் பான் எண், 2016-லிருந்து 2 லட்சம். பாசி எடுக்கிற பொம்பளை எந்தக் காலத்தில் அந்தத் தொகைக்கு வாங்குவது? வருமான வரிக்காரருக்குப் பெயர் வேண்டாம் என்றால் வாங்கினவருக்கும் வேண்டாம் என்று முடிவு பண்ணியது யார்?

அடுத்த சமாதானம், பழைய பதிவேட்டை 5 வருஷம், 8 வருஷம் வைத்திருந்தால் போதும் என்ற 1985 விதி. செலான் கட்டுகளை அழிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். காசு 8 வருஷத்தில் காலாவதி ஆகிற சாமானா? இதே மாவட்டத்து அழகன்குளத்தில் தோண்டியெடுத்த ரோமானியக் காசு எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று தொல்லியல் துறை எழுதி வைக்கிறது. இவர்களுக்குத் தங்கள் கவுன்டரில் விற்றதே தெரியவில்லை.

எழுதத் தெரியாதவர்களும் இல்லை. பக்கத்துக் கவுன்டரில் ஒரு அம்மா சங்கிலி அடகு வைத்துக்கொண்டிருந்தார். கொக்கி நெளிவு, கல் ஒன்று இல்லை, அரக்குக்கு இவ்வளவு கழிவு, மொத்த எடை, நிகர எடை என்று மில்லிகிராம் வரை எழுதி, கையெழுத்தும் வாங்கினார்கள். அங்கே அவர்கள் பணம் வெளியே போகிறதே! நம் பணம் உள்ளே வரும்போது மட்டும் "ரொக்கம்".

விற்கும்போது என்ன பேச்சு! செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, வங்கித் தங்கம் என்று வெளி விலையைவிடக் கூடுதலாக வைத்துத்தான் கொடுத்தார்கள். திரும்ப வாங்கிக்கொள்வதும் இல்லை. நகைக்கடைக்குப் போனால் அட்டையைக் கிழித்து, உரசிப் பார்த்து, பழைய தங்கக் கணக்கில்தான் விலை. அடகுக்கடைக்காரர் அட்டையைக்கூடக் கேட்கவில்லை, வட்டியை மட்டும் சொன்னார். சித்திக்கு அன்றைக்குப் பணம் வேண்டும், அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

கடன் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். தரமாட்டார்களாம். அதனால் அட்டை எண்களை ஒவ்வொன்றாக எழுதிப் புகார் கொடுத்தேன். அதைத் தபால் பதிவேட்டில் பெயர், தேதி, வரிசை எண் எல்லாம் போட்டு உடனே ஏற்றிக்கொண்டார்கள், கவனியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். போவேன். சின்னப்பாலத்திலும் தங்கச்சிமடத்திலும் இதே அட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அட்டையின் இரண்டு பக்கத்தையும் ரசீதோடு படம் எடுத்து வையுங்கள். கடன் கேட்கப் போனால் கோரிக்கையை எழுதியே கொடுங்கள், நகலில் சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.