ஜெருசலேம் சட்டம் 1995-லேயே வந்தது

"2017-ல் டிரம்ப் சட்டம் போட்டுத்தான் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக்கினார்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு, நிறையப் பேர் இதை அப்படியே நம்பிப் பகிர்வதால் சொல்கிறேன். ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரிக்க வேண்டும், அமெரிக்கத் தூதரகத்தை அங்கே மாற்ற வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் வந்தது 1995-ல். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 93-5 என்ற வாக்குகளில் நிறைவேறியது, அன்றைய அதிபர் கிளிண்டன் கையெழுத்துப் போடாமலேயே அது சட்டமானது. 1999 மே 31-க்குள் தூதரகம் ஜெருசலேமில் திறக்கப்பட வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கான வெளியுறவுத் துறைப் பணத்தில் பாதி நிறுத்தப்படும் என்பது அதன் பிடி. ஆனால் அதிலேயே ஒரு வழியும் வைத்திருந்தார்கள்: தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் ஆறு மாதம் தள்ளிப்போடலாம். கிளிண்டன், புஷ், ஒபாமா மூவரும் அப்படித்தான் தள்ளினார்கள்.

சரி, டிரம்ப் என்ன செய்தார்? 2017 டிசம்பர் 6-ல் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரிப்பதாக அறிவித்தார். அது சட்டம் இல்லை, அதிபரின் பிரகடனம். அதே நாளில் தூதரகத்துக்கான ஒத்திவைப்பிலும் கையெழுத்துப் போட்டார்! தூதரகம் திறந்தது 2018 மே 14-ல்.

அப்புறம் இன்னொன்று, அங்கீகரிக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உண்டு, நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று 2015-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஜெருசலேமில் பிறந்த ஒரு பையனின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில், பிறந்த இடம் என்ற வரியில் 'இஸ்ரேல்' என்று போடலாமா என்பதுதான் அந்த வழக்கு. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.