ஸ்பெயின் பாடகி சானல் 2022 யூரோவிஷனில் மூன்றாவதாக வந்தார், சரி. அதனால் அவரைத் தேர்ந்தெடுத்த அன்றைய கணக்கு சரியாகிவிடுமா?

யூரோவிஷன் பார்க்கிற நண்பர்களோடு பேசும்போது ஸ்பெயின் பேச்சு வந்தால், கடைசியில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லி முடித்துவிடுகிறார்: “அதான் சானல் தூரின்ல மூணாவதா வந்தாச்சே. அன்னிக்கு ஜூரி செஞ்சதுதான் சரின்னு ஆயிடுச்சே.” தூரின் என்பது 2022 யூரோவிஷன் நடந்த இத்தாலிய நகரம். ஜூரி என்பது சானலை அங்கே அனுப்பத் தேர்ந்தெடுத்த ஸ்பெயின் போட்டியின் நடுவர் குழு. போன வாரமும் கேட்டேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை. சானலை எனக்குப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும். அப்படியிருந்தும் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. ஏன் என்று ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. யூரோவிஷன் ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே 1956இல் தொடங்கிய பாட்டுப் போட்டி. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. அந்தப் பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அந்தந்த நாட்டுத் தொலைக்காட்சியின் பாடு. ஸ்பெயின் 1968இலும் 1969இலும் வென்றது. 69இல்கூட நாலு நாடுகள் சேர்ந்து பகிர்ந்துகொண்ட வெற்றி. அப்புறம் ஒன்றுமில்லை. 1995இல் அனபெல் கோந்தே இரண்டாவது வந்தார். 2015 முதல் 2021 வரை எடுத்துக்கொண்டால் நிலைமை மோசம்: 21, 22, 26, 23, 22, 24. நடுவில் 2020இல் மட்டும் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 26 என்பது 2017இல் கியிவ் நகரில் வந்த கடைசி இடம்.

இந்த அவமானத்திலிருந்து மீளத்தான் ஸ்பெயினின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிவிஇ, ‘பெனிடோர்ம் ஃபெஸ்ட்’ என்ற தேர்வுப் போட்டியைக் கொண்டுவந்தது. பெனிடோர்ம் கடலோரச் சுற்றுலா நகரம். 1959இலிருந்தே பாட்டுத் திருவிழாவுக்குப் பெயர் போன ஊர். பாடகர் ஹூலியோ இக்லேசியாஸ் வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான். அந்தப் பழைய பெருமையை எடுத்துப் புதுப் போட்டிக்குச் சூட்டினார்கள். முதல் இறுதிச்சுற்று 2022 ஜனவரி 29 அன்று நடந்தது. எட்டுப் பாட்டுகள். ஆனால் ஊரெல்லாம் பேசியது மூன்றைப் பற்றித்தான்.

ஒன்று, ரிகோபெர்த்தா பந்தினியின் ‘ஆய் மமா’. அம்மாக்களைப் பற்றிய பாட்டு. மேடையில் பெரிய மார்பக உருவம் ஒன்றை வைத்துக்கொண்டு, பெண் உடலைப் பார்த்து ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று கேட்ட பாட்டு. இரண்டாவது, சானலின் ‘ஸ்லோமோ’. ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்த, நடனத்துக்காகவே செய்த பாப் பாட்டு. சானல் ஹவானாவில் பிறந்து கத்தலோனியாவில் வளர்ந்தவர், இசை நாடக மேடைகளில் பல வருடம் உழைத்தவர். மூன்றாவது, கலீசியாவிலிருந்து வந்த மூன்று பெண்கள், தன்ஷுகெய்ராஸ். பாட்டின் பெயர் ‘தெர்ரா’. நிலம், மண் என்று பொருள்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கலீசியா ஸ்பெயினின் வடமேற்கு மூலை. அங்கே பேசும் கலீசிய மொழி போர்ச்சுகீசுக்கு உடன்பிறப்பு மாதிரி. கிராமத்துப் பெண்கள் கையில் சின்னக் கஞ்சிராக்களைத் தட்டிக்கொண்டு கூட்டமாகப் பாடுவது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். தன்ஷுகெய்ராஸ் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்து, அடியில் கனமான மின்னிசைத் தாளத்தைப் போட்டார்கள். பாட்டு முழுக்கக் கலீசிய மொழி. முடிவில் மட்டும் “எல்லைகள் இல்லை” என்ற ஒரே வரி பாஸ்க், கட்டலான், அஸ்தூரியன், ஸ்பானிஷ் என்று மொழி மாறி மாறி வரும். ஒரு நாட்டுக்குள் எத்தனை நாக்குகள் இருக்கின்றன என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடும்.

அவர்கள் பாடும் காணொளி ஒன்றை அப்போது வீட்டில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். கலீசியர்களுக்கு ஒரு கூவல் உண்டு, ‘அத்துருஷோ’ என்பார்கள். தொண்டையிலிருந்து கிளம்பி உச்சிக்கு ஏறும். அது வந்த இடத்தில் அம்மா சொன்னார்: “குலவை போடுறாங்களே! எந்த ஊருடா இது?” நான் ஸ்பெயின் என்றேன். நம்பவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத, யூரோவிஷன் என்ற பெயரையே கேட்டிராத ஒருவரை அந்தப் பாட்டு அடுப்படியிலிருந்து இழுத்து வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து நான் தன்ஷுகெய்ராஸ் பக்கம்.

இனி அந்த இரவின் கணக்குக்கு வருகிறேன். சண்டை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மொத்த மதிப்பெண்ணில் பாதி நடுவர் குழுவின் கையில். அதில் இருந்தவர்கள் ஐந்து பேர், மூவர் உள்நாடு, இருவர் வெளிநாடு. கால் பங்கு மாதிரி வாக்காளர் குழுவுக்கு. அதாவது கருத்துக்கணிப்பு முறையில் நாடு முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த பொதுமக்கள். மீதிக் கால் பங்கு நேரடி மக்கள் வாக்குக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் வாக்கு சதவீதமாகப் போய்ச் சேரவில்லை, ரேங்க்காக மாறிப் போனது. முதலிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20.

மக்கள் வாக்கில் தன்ஷுகெய்ராஸ் வாங்கியது நூற்றுக்கு 70க்கு மேல். ரிகோபெர்த்தா பந்தினி சுமார் 18. சானல் 4கூட இல்லை. எட்டுப் பேர் போட்டியில் ஒருவருக்கு மட்டும் 70 சதவீதம்! அதற்குக் கிடைத்தது 30 மதிப்பெண். 4 சதவீதத்துக்குக் கிடைத்தது 20. எழுபதுக்கும் நாலுக்கும் இடையில் வெறும் பத்து மதிப்பெண் வித்தியாசம். நடுவர் குழுவில் சானலுக்கு 51, தன்ஷுகெய்ராஸுக்கு 30. அங்கே வித்தியாசம் 21. ஆக, ஐந்து பேரின் விருப்பு வெறுப்பு அத்தனை வாக்காளர்களையும் இரண்டு மடங்குக்கு மேல் எடை போட்டு அமுக்கிவிட்டது. கடைசிக் கணக்கு: சானல் 96, ரிகோபெர்த்தா 91, தன்ஷுகெய்ராஸ் 90. மக்கள் வாக்கிலும் மாதிரிக் குழுவிலும் முதலிடம் பிடித்தவர்கள் மூன்றாவதாக நின்றார்கள்.

“கலீசியாக்காரங்க எல்லாம் சேர்ந்து குத்தித் தள்ளிட்டாங்க, அதான் 70” என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். ஆனால் மாதிரிக் குழு? அது கலீசியாவில் மட்டும் பொறுக்கியது இல்லையே. அவர்களும் தன்ஷுகெய்ராஸையே முதலில் வைத்தார்கள். இந்த ஒரு தகவலைத் தாண்டி யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

அதற்கடுத்த நாட்களில் ஸ்பெயினே இரண்டுபட்டது. அரசியல் கட்சிகள் விளக்கம் கேட்டன. தொழிற்சங்கம் கேள்வி எழுப்பியது. நடுவர்களில் ஒருவர் முன்பு சானலோடு சேர்ந்து வேலை செய்தவர் என்ற சர்ச்சை வெடித்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆர்டிவிஇயிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆனால் கோபம் போய் விழுந்தது சானல் தலையில். அவர் பாட்டின் வரிகளையும் உடலையும் உடையையும் பிடித்துக்கொண்டு எத்தனை அசிங்கமான பேச்சு! சில நாட்களிலேயே அவர் ட்விட்டரை விட்டு விலகினார். அவர் செய்த தப்பு என்ன? முன்கூட்டியே அறிவித்த விதிப்படி ஒரு போட்டியில் பாடினார், ஜெயித்தார். அவ்வளவுதானே. தோற்ற தன்ஷுகெய்ராஸே தாக்குதலை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. நான் நேசித்த பாட்டின் பெயரால் அதெல்லாம் நடந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. நிலத்தையும் எல்லையில்லாமையையும் பாடிய பாட்டுக்கு ரசிகர்கள் செய்த மரியாதை அது.

மே 14, தூரினில் யூரோவிஷன் இறுதிச்சுற்று. நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும். நான் சானலுக்கு எதிரான மனநிலையில் உட்காரவில்லை. ஆனால் உருகவும் தயாராக இல்லை. ஸ்பெயின் காளைச் சண்டை வீரரின் மேலங்கியை நினைவூட்டும் மினுமினுப்பான உடை, சுற்றி ஐந்து நடனக்காரர்கள். மூன்று நிமிடம் மூச்சு வாங்காமல் ஆடினார். நடுவில் பாட்டே இல்லாமல் நடனம் மட்டும் வரும் பகுதி ஒன்று உண்டு. அது முடிந்து குரல் மறுபடி வரும் இடத்தில் எனக்குப் பயமாக இருந்தது, அந்த ஆட்டத்துக்குப் பிறகு சுதி எங்கே நிற்கும் என்று. துளி பிசகவில்லை. தனியாக உட்கார்ந்திருந்த நான் எழுந்து கைதட்டினேன். 459 மதிப்பெண், மூன்றாம் இடம். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அப்படி ஒரு இரவு இல்லை. முதலிடம் உக்ரைன், இரண்டாவது பிரிட்டன். அந்த வருடத்து நிலைமையில் உக்ரைனை யாரும் தாண்டியிருக்க முடியாது.

ஜனவரியில் திட்டிய பலபேர் மே மாதத்தில் சானலைக் கொண்டாடினார்கள். சந்தோஷம். ஆனால் அதோடு சேர்ந்து கிளம்பியதுதான் நான் மேலே சொன்ன வாதம்: ஜூரி சரி, மக்கள் தப்பு.

சானலின் வெற்றி சானலின் உழைப்பைக் காட்டுகிறது. எழுபதை முப்பதாகவும் நாலை இருபதாகவும் ஆக்கிய கணக்கை அது எப்படி நியாயப்படுத்தும்? பரீட்சைத் தாளைத் தப்பாகத் திருத்தி ஒருவருக்கு இடம் கொடுத்தார்கள், அவர் அங்கே போய் நன்றாகப் படித்தார் என்றால், திருத்தியது சரி என்று ஆகிவிடுமா? ‘தெர்ரா’ தூரினுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த ஜூரிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இங்கே உடனே பிரான்ஸை இழுப்பார்கள். அதே தூரினில் பிரான்ஸ் பிரெட்டன் மொழிப் பாட்டு ஒன்றை அனுப்பியது, 24ஆம் இடம். “பாத்தியா, சின்ன மொழி, நாட்டார் பாட்டு எல்லாம் ஐரோப்பாவுல எடுபடாது.” சரி, அதே இரவில் ஜெயித்த பாட்டு எது? கிராமத்துப் புல்லாங்குழலும் ராப்பும் கலந்த உக்ரைனியப் பாட்டு. ஏழாவது வந்த மோல்டோவா என்ன பாடியது? அதுவும் நாட்டார் மெட்டுதான், மக்கள் வாக்கில் இரண்டாம் இடம். 2017இல் கலீசியாவுக்குப் பக்கத்து வீடான போர்ச்சுகல் தன் சொந்த மொழியில் மெல்லப் பாடி 758 மதிப்பெண்ணோடு ஜெயித்தது. இந்தக் கணக்கை யார் பக்கமும் திருப்பலாம்.

நடுவர் குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யூரோவிஷன் இறுதிச்சுற்றிலும் பாதி மதிப்பெண் நடுவர்களுடையது. 2023இல் லிவர்பூலில் பின்லாந்தின் கேரியா மக்கள் வாக்கில் 376 வாங்க, 243 வாங்கிய ஸ்வீடனின் லொரீன் ஜூரி பலத்தில் கோப்பையை எடுத்தார். அந்தச் சண்டை தனி. ஆனால் அங்கே நடுவர்கள் பல நாட்டவர். பெனிடோர்மில் மொத்தமே ஐந்து பேர்.

எனக்கு இதில் மொழிதான் அதிகம் உறுத்துகிறது. 1968இல் ஸ்பெயினுக்காக ஹோவான் மானுவேல் செர்ராத் பாடுவதாக இருந்தது. கட்டலானில் பாடுகிறேன் என்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி ஒப்புக்கொள்ளவில்லை. அவரை எடுத்துவிட்டு மாசியேலை அனுப்பினார்கள். அவர் ஸ்பானிஷில் பாடி லண்டனில் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போதும் “ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன” என்று வாயை அடைத்திருப்பார்கள். அந்த வெற்றியால் கட்டலானுக்கு மறுத்தது நியாயமாகிவிட்டதா? 2022இல் யாரும் தடை போடவில்லை, அது வேறு காலம், ஒப்பிட்டு மிகைப்படுத்த மாட்டேன். ஆனாலும் இத்தனை வருடத்தில் கலீசியம், பாஸ்க், கட்டலான் ஆகிய மூன்றில் ஒன்றில்கூட முழுப் பாட்டு ஸ்பெயின் பெயரில் யூரோவிஷனுக்குப் போனதில்லை. கட்டலானைக் கேட்க வேண்டுமானால் 2004 முதல் 2009 வரை குட்டி நாடான அன்டோரா வந்தபோதுதான் கேட்க முடிந்தது. ஆங்கிலப் பாட்டை மட்டும் 2016இல் தயக்கமில்லாமல் அனுப்பினார்கள். தமிழ் பேசுகிற யாருக்கும் இந்த இடத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து 2026 போட்டியிலிருந்து விலகுவதாக ஆர்டிவிஇ 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பெனிடோர்ம் ஃபெஸ்ட் மட்டும் யூரோவிஷன் டிக்கெட் இல்லாமலே தொடரும் என்றார்கள். ஸ்பெயின் திரும்பி வரும் நாளில் இரண்டு காரியம் செய்யட்டும். மக்கள் வாக்கை ரேங்க்காக நசுக்காமல் சதவீதத்துக்கு ஏற்ற மதிப்பெண்ணாகக் கொடுக்கட்டும். நடுவர் குழுவைப் பெரிதாக்கி, போட்டியாளரோடு வேலை செய்தவர்களை அதில் வைக்காமல் இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் சானல் மாதிரி ஒருவர் ஜெயித்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் கலீசிய மொழியில் முழுப் பாட்டு ஒன்று, கஞ்சிராவும் குலவையுமாக, ஸ்பெயின் கொடியோடு அந்த மேடை ஏறுவதை அம்மாவோடு உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும். கடைசி இடம் வந்தாலும் பரவாயில்லை.